யார் யாருக்குக் கற்பிப்பது?
குடியுரிமைப் பள்ளிகளும் உள்ளூர்த் தலைமையும்



நினைவுப் பேருரை மேடைகளில் பெருந்தலைவர் ஒருவரின் வாழ்வையும் பணியையும் எடுத்துரைப்பது வழக்கம். இன்று நாம் பேசவிருப்பது பெருந்தலைவர்களின் வரிசையில் பெயர் அதிகம் அடிபடாத மனிதர்களைப் பற்றி. பேருந்து ஓட்டிய ஒருவர், வேலை பறிக்கப்பட்ட ஒரு பள்ளி ஆசிரியை, சிகை அலங்காரம் செய்து பிழைத்த ஒரு பெண், பருத்தி வயலில் கூலியாக உழைத்த இன்னொரு பெண். ஒடுக்கப்பட்ட மக்களிடையே உள்ளூர்த் தலைமை எப்படி உருவாகிறது என்ற கேள்விக்கு இவர்களுடைய வரலாற்றில் தெளிவான பதில் ஒன்று இருக்கிறது. அதை எடுத்துப் பார்ப்பதே இந்த உரையின் நோக்கம்.

1956 ஜூலையில் பாபாசாகேப் அம்பேத்கர் மும்பையில் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அரசியலில் நுழைய விரும்பும் இளைஞர்களைத் தயார்ப்படுத்துவதற்கான பள்ளி அது. உணர்ச்சி மட்டும் அரசியலுக்குப் போதாது, சட்டமும் நிர்வாகமும் பேச்சும் கற்க வேண்டியவை என்று அவர் கருதினார். அந்த ஆண்டு டிசம்பர் 6 அன்று அவர் மறைந்தார். அந்தப் பள்ளியும் வெகுகாலம் நீடிக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து, 1957 ஜனவரி 7 அன்று இரவு, அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தைச் சேர்ந்த ஜான்ஸ் தீவில், ஒரு மளிகைக் கடையின் பின்னறையில் 14 பேர் கூடினார்கள். எல்லோரும் கறுப்பின மக்கள். பகலெல்லாம் வேலை செய்துவிட்டு வந்தவர்கள். எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ள வந்திருந்தார்கள். பின்னாளில் குடியுரிமைப் பள்ளிகள் என்று பெயர்பெற்ற இயக்கத்தின் முதல் வகுப்பு அதுதான்.

மும்பைப் பள்ளிக்கும் ஜான்ஸ் தீவின் பின்னறைக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால் இரண்டையும் சேர்த்து வாசிக்கும் வழியை அம்பேத்கரே நமக்குக் காட்டியிருக்கிறார். கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் சபைக்கு அளித்த மனுவைப் பற்றிக் கேட்டு, அவர்களுடைய அறிஞரான டு பாய்ஸுக்கு 1946இல் அவர் கடிதம் எழுதினார். தீண்டப்படாதோரின் நிலையும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் நிலையும் ஒன்றையொன்று ஒத்திருப்பதை அவர் அக்கடிதத்தில் சுட்டினார். அவர் நமக்குத் தந்த மூன்று கட்டளைகளில் முதலாவது 'கற்பி' என்பது. அதை நாம் சுவரில் எழுதுகிறோம், பதாகையில் அச்சிடுகிறோம். யார் யாருக்குக் கற்பிப்பது, எதைக் கற்பிப்பது, எந்த இடத்தில் வைத்துக் கற்பிப்பது என்ற கேள்விகளை அவ்வளவாகக் கேட்பதில்லை. ஜான்ஸ் தீவின் மக்கள் அந்தக் கேள்விகளைக் கேட்டார்கள்.

பூட்டாக அமைந்த எழுத்து

ஜான்ஸ் தீவு சார்ல்ஸ்டன் நகரத்தை ஒட்டிய கடல் தீவுகளில் ஒன்று. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழித்தோன்றல்கள் அங்கே பெரும்பான்மையாக வாழ்ந்தார்கள். அவர்களுக்கென்று தனியான பேச்சுமொழியும் பாட்டும் வழிபாடும் இருந்தன. வாக்கு மட்டும் இல்லை. அதாவது, சட்டப்படி வாக்குரிமை இருந்தது. நடைமுறையில் அதன்மேல் ஒரு பூட்டுத் தொங்கியது.

அந்தப் பூட்டு 1895இல் எழுதப்பட்ட தென் கரோலினா மாநில அரசியலமைப்புச் சட்டம். வாக்காளராகப் பதிய விரும்புபவர் அச்சட்டத்தின் ஏதேனும் ஒரு பிரிவை அதிகாரியின் முன்னால் வாசித்துக் காட்டவும் எழுதிக் காட்டவும் வேண்டும். இல்லையென்றால் 300 டாலர் மதிப்புள்ள சொத்து இருக்க வேண்டும். சட்டத்தில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. எழுத்தை மறுத்துவிட்டு, எழுத்துத் தெரியாததைக் காரணம் காட்டி வாக்கை மறுக்கும் ஏற்பாடு அது. கல்வியை நூற்றாண்டுகளாகத் தடுத்துவைத்துவிட்டுப் பிறகு 'தகுதி' கேட்பவர்களை அறிந்த நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தத் தீவில் பிறந்தவர் ஈசா ஜென்கின்ஸ். நான்காம் வகுப்போடு படிப்பு நின்றது. காய்கறி விற்கப் போன இடத்தில் வியாபாரிகள் கிரேக்கர்கள் என்பதால் கிரேக்க மொழியைக் கற்றுக்கொண்டவர். தீவிலிருந்து சார்ல்ஸ்டனுக்கு வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிச்செல்லப் பேருந்து ஓட்டினார். அந்தப் பயண நேரத்தையே அவர் வகுப்பாக்கினார். வாக்காளர் பதிவுச் சட்டத்தைத் தட்டச்சு செய்து பயணிகளிடம் கொடுத்தார். போகும் வழியில் அதன் பொருளைச் சொன்னார்.

அந்தப் பேருந்தில் போனவர்களில் ஒருவர் ஆலிஸ் வைன் என்ற பெண்மணி. அவருக்கு எழுத்து தெரியாது, நினைவாற்றல் அதிகம். மற்றவர்கள் வாசிக்கக் கேட்டுக் கேட்டே சட்டப்பிரிவை மனப்பாடம் செய்துவிட்டார். ஆனாலும் அவருக்குத் திருப்தி இல்லை. தனக்கு வாசிக்கக் கற்றுத்தர வேண்டும், கற்றால் வாக்காளராகப் பதிவேன் என்று ஜென்கின்ஸிடம் கேட்டார். ஒரு பெரிய இயக்கத்தின் தொடக்கம் இந்தக் கோரிக்கைதான். எந்த நிறுவனமும் கணக்கெடுப்பு நடத்திக் கண்டுபிடித்த 'தேவை' அல்ல. தேவை உள்ளவரே வாய்திறந்து கேட்டது.

செப்டிமா கிளார்க் கற்ற பாடம்

இந்தக் கோரிக்கைக்கு வடிவம் கொடுத்தவர் செப்டிமா கிளார்க். 1898இல் சார்ல்ஸ்டனில் பிறந்தவர். தந்தை அடிமையாகப் பிறந்தவர். தாய் துணி வெளுத்துப் பிள்ளைகளை வளர்த்தவர். 1916இல், 18 வயதில், செப்டிமா ஆசிரியையாகப் போன இடம் இதே ஜான்ஸ் தீவு. சார்ல்ஸ்டன் நகரத்து அரசுப் பள்ளிகளில் கறுப்பின ஆசிரியர்களுக்கு அன்று இடமில்லை என்பதால் தீவுக்குப் போனார். அவரும் இன்னொரு ஆசிரியையும் சேர்ந்து 132 பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார்கள். அவருக்கு மாதம் 35 டாலர். எதிரே வெள்ளையர் பள்ளியில் மூன்று பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன ஆசிரியைக்கு 85 டாலர். சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரில் நம் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியதும் அதே 1916இல்தான். கல்வியை எட்டிப் பிடிக்க இரு கண்டங்களில் ஒரே காலத்தில் நடந்த முயற்சிகள் இவை.

அதன்பின் 40 ஆண்டுகள் செப்டிமா கிளார்க் ஆசிரியையாக இருந்தார். சார்ல்ஸ்டன் பள்ளிகளில் கறுப்பின ஆசிரியர்களை அமர்த்தக் கோரிக் கையெழுத்து வாங்கினார். சம வேலைக்குச் சம ஊதியம் கேட்ட வழக்கில் துணைநின்றார். 1956இல் தென் கரோலினா அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது: அரசு ஊழியர் எவரும் கறுப்பின மக்களின் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யில் உறுப்பினராக இருக்கக் கூடாது. அவர் உறுப்பினர் பொறுப்பை மறைக்கவில்லை. வேலை போனது; 40 ஆண்டுப் பணிக்குரிய ஓய்வூதியமும் போனது.

அந்தச் சமயத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியை அவர் பிற்காலத்தில் திரும்பத் திரும்ப நினைவுகூர்ந்தார். இந்தச் சட்டத்தை எதிர்க்க அழைத்து 726 கறுப்பின ஆசிரியர்களுக்கு அவர் கடிதம் அனுப்பினார். 26 பேர் பதில் எழுதினார்கள். அதிகாரியை நேரில் சந்திக்க 11 பேர் ஒப்புக்கொண்டார்கள். அன்றைக்கு வந்து நின்றவர்கள் ஐந்து பேர். பயந்தவர்களைக் கோழைகள் என்று அவர் திட்டவில்லை. மக்களைத் தயார்ப்படுத்தாமல் போராட்டத்துக்கு அழைத்தால் இப்படித்தான் ஆகும் என்று புரிந்துகொண்டார். சம்பளத்துக்கு வெள்ளையர் நிர்வாகத்தை நம்பியிருப்பவரால் எவ்வளவு தூரம் வர முடியும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டார். ஓராண்டுக்குள் அவர் அமைத்த பள்ளியில் இந்தப் பாடத்தின் தடத்தை நாம் பார்க்கலாம்.

ஒரு தலைமைத் திட்டத்தின் தோல்வியும் வெற்றியும்

வேலை போன செப்டிமாவை அழைத்துக்கொண்டது ஹைலேண்டர் மக்கள் பள்ளி. டென்னசி மாநிலத்து மலைப்பகுதியில் மைல்ஸ் ஹார்ட்டனும் டான் வெஸ்ட்டும் 1932இல் நிறுவியது. தொழிற்சங்கத்தாரும் விவசாயிகளும் அங்கே தங்கிப் பேசுவார்கள், கற்பார்கள். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேசையில் உணவு உண்ட, தென் மாநிலங்களில் அரிதான இடம் அது. மாண்ட்கோமரி நகரத்துப் பேருந்தில் இருக்கையை விட்டு எழ மறுத்த ரோசா பார்க்ஸ், அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1955 கோடையில் அங்கே தங்கிச் செப்டிமா நடத்திய பயிலரங்கில் கலந்துகொண்டவர்.

1953 முதல் ஹைலேண்டர் ஓர் அறக்கட்டளையின் நிதியுதவியோடு சமூகத் தலைமைத் திட்டம் ஒன்றை நடத்திவந்தது. ஊர்ப்புறங்களில் தலைவர்களை வளர்ப்பது அதன் நோக்கம். டென்னசியின் சில ஊர்களில் முதலில் முயன்றார்கள். அது வேர் பிடிக்கவில்லை. 'தலைமை' என்ற பொதுப்பொருளைக் கற்றுக்கொள்ள யாருக்கும் அவசரம் இல்லை. அதே திட்டம் ஜான்ஸ் தீவில் பிடித்துக்கொண்டதற்குக் காரணம், அங்கே ஆலிஸ் வைனின் கேள்வி ஏற்கெனவே காத்திருந்தது. ஜென்கின்ஸ் ஹைலேண்டருக்கு வந்தபோது அவர் கேட்டதும் அதுதான்: எங்கள் மக்கள் வாக்களிப்பதற்கு வாசிக்கக் கற்றுத்தர ஒரு பள்ளி வேண்டும்.

தீவில் முதியோர் கல்வி வகுப்புகள் அதற்கு முன்பே நடந்து, ஆளில்லாமல் நின்றிருந்தன. ஏன் என்று ஹார்ட்டன் மக்களிடம் விசாரித்தார். பெரியவர்களைக் குழந்தைகளின் சின்ன நாற்காலிகளில் உட்காரவைத்துக் குழந்தைகளின் பாடத்தை வாசிக்கச் சொல்லியிருந்தார்கள். குடும்பத்தைக் காப்பாற்றுகிற, தேவாலயத்தில் மூப்பராக இருக்கிற மனிதர் கால் மடங்காத நாற்காலியில் உட்கார்ந்து சிரிப்புக்கு ஆளானால் மறுநாள் வருவாரா? அவர்களுக்குக் கல்வியில் ஆர்வம் இல்லை என்று வெளியிலிருந்தவர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். அவமானப்பட விருப்பமில்லை என்பதே உண்மை.

வகுப்புக்கு இடம் தேடியபோது தீவின் பள்ளியும் தேவாலயத்தாரின் மையமும் அச்சத்தால் மறுத்துவிட்டன. ஜென்கின்ஸும் மற்றவர்களும் நடத்திவந்த முன்னேற்றச் சங்கம், ஹைலேண்டரிடம் வட்டியில்லாக் கடன் பெற்று, 1,500 டாலருக்கு ஒரு பழைய கட்டடத்தை வாங்கியது. முன்பக்கம் மளிகைக் கடை. பின்பக்கம் சன்னல் இல்லாத இரண்டு அறைகள். வெள்ளையர் கண்ணுக்கு அது கடை. கடையின் வருமானத்தில் கடனும் அடைந்தது. அந்தக் கட்டடத்தை யாரும் பூட்ட முடியாது, ஏனென்றால் அது மக்களுடையது.

முதல் வகுப்பு

ஆசிரியை யார் என்ற முடிவில்தான் செப்டிமாவின் கூர்மை தெரிகிறது. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வேண்டாம் என்று அவரும் ஹார்ட்டனும் ஜென்கின்ஸும் ஒருமித்துச் சொன்னார்கள். அவர்களுடைய சம்பளம் வெள்ளையர் கையில் இருக்கிறது. படித்தவர்கள் என்ற மிதப்பும் சிலரிடம் இருக்கலாம். செப்டிமா தன் உறவினரான பெர்னிஸ் ராபின்சனைக் கேட்டார். அவர் சார்ல்ஸ்டனில் சிகை அலங்காரமும் தையலும் செய்து வாழ்ந்தவர். வாடிக்கையாளர்கள் கறுப்பினப் பெண்கள். எந்த முதலாளியும் அவரை வேலையைவிட்டு நீக்க முடியாது. மற்றவர் சொல்வதை மணிக்கணக்கில் காதுகொடுத்துக் கேட்பது அவர் தொழிலின் ஒரு பகுதி. தான் எப்போதும் பாடம் நடத்தியதில்லை என்று அவர் தயங்கினார். அதனால்தான் அவரைக் கேட்கிறோம் என்பது அவர்களின் பதில்.

பெர்னிஸ் முதலில் தொடக்கப்பள்ளிப் புத்தகங்களை எடுத்துப் போனார். அவை பெரியவர்களுக்குப் பொருந்தாது என்று கண்டதும் ஒதுக்கிவைத்தார். தான் ஆசிரியை அல்ல, சேர்ந்து கற்போம் என்று வந்தவர்களிடம் சொன்னார். நீங்கள் எதைக் கற்க விரும்புகிறீர்கள் என்று கேட்டார். தன் பெயரை எழுத வேண்டும் என்றார் ஒருவர். வேதாகமம் வாசிக்க வேண்டும், வெளியூரில் இருக்கும் பிள்ளைக்குக் கடிதம் எழுத வேண்டும், மணியார்டர் படிவம் நிரப்ப வேண்டும், வாக்காளர் பதிவுக்கான சட்டப்பகுதியை வாசிக்க வேண்டும் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அதுவே பாடத்திட்டம் ஆனது. ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமைப் பிரகடனத்தைச் சுவரில் மாட்டினார். வகுப்பு முடிவதற்குள் எல்லோரும் அதை வாசிக்க வேண்டும் என்பது இலக்கு.

ஏர் பிடித்த கைகளுக்குப் பென்சில் பிடிப்பது எளிதாக இல்லை. அழுத்திய அழுத்தத்தில் பென்சில்கள் முறிந்தன. முறிந்தால் இன்னொன்று தந்தார்கள். அட்டையில் பெயரை எழுதிக் கொடுத்து, கை பழகும்வரை அதன்மேல் வரைந்து வரைந்து பழகவைத்தார்கள். கரும்பலகையில் பல பெயர்களுக்கு இடையே தன் பெயரைக் கண்டு காட்டிய 65 வயதுப் பெண்மணி ஒருவரைப் பெர்னிஸ் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். வாரத்தில் இரண்டு இரவு. வயல்வேலை குறைவாக இருக்கும் குளிர்கால மாதங்கள் மட்டும். மக்களின் வேலைக் காலத்துக்கு ஏற்பப் பள்ளி வளைந்தது.

ஆலிஸ் வைன் வாக்காளராகப் பதிந்தார். அக்கம்பக்கத் தீவுகளான வாட்மலா, எடிஸ்டோ ஆகியவற்றிலிருந்து மக்கள் தங்களுக்கும் வகுப்பு வேண்டும் என்று கேட்டார்கள். ஜான்ஸ் தீவின் வகுப்பைப் பார்த்தவர்களே அங்கே ஆசிரியர்கள் ஆனார்கள்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். இந்தப் பள்ளி வாசிக்கத் தெரியாதவரை வாக்காளர் ஆக்கியது. அது பாதி வேலைதான். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கியவர் தலைவர் ஆனார். மாலையில் வகுப்புக்கு ஆள் திரட்டுவது, வராதவர் வீட்டுக்குப் போய்க் காரணம் கேட்பது, பதிவு அலுவலகத்துக்குக் கூடவே போய் நிற்பது, திருப்பி அனுப்பினால் மறுபடி அழைத்துப் போவது: இவையெல்லாம் தலைமைப் பண்புகள் என்று யாரும் வகுப்பெடுக்கவில்லை. ஒரு சிறு பொறுப்பைச் சுமந்தவர்களிடம் அவை தாமாக வளர்ந்தன.

பரவியதும் கொடுத்த விலையும்

தென் மாநிலத்து ஆட்சியாளர்களுக்கு ஆபத்து எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தது. 1959 ஜூலை 31 இரவு காவல்துறை ஹைலேண்டருக்குள் புகுந்தது. செப்டிமா கிளார்க் கைது செய்யப்பட்டார். மது வைத்திருந்ததாகக் குற்றச்சாட்டு. அவரோ மது அருந்தாதவர். வழக்கு நடந்து 1961இல் பள்ளியின் உரிமம் பறிக்கப்பட்டது. நிலமும் கட்டடங்களும் ஏலத்துக்குப் போயின. ஹார்ட்டனும் தோழர்களும் வேறு பெயரில் வேறு நகரில் பணியைத் தொடர்ந்தார்கள்.

ஆனால் குடியுரிமைப் பள்ளிகள் ஒரு கட்டடத்துக்குள் இல்லை. 1961இல் அத்திட்டம் மார்ட்டின் லூதர் கிங் தலைமையிலான தென் கிறித்தவத் தலைமை மாநாட்டு அமைப்புக்கு மாறியது. செப்டிமா கிளார்க், டோரதி காட்டன், ஆண்ட்ரூ யங் மூவரும் அதை நடத்தினார்கள். ஜார்ஜியா மாநிலத்தில் மெக்கின்டாஷ் என்ற ஊரிலிருந்த டார்செஸ்டர் மையத்தில் ஐந்து நாள் பயிற்சி. தென் மாநிலங்களெங்கும் சுற்றி ஆட்களைச் செப்டிமா தேடினார். அவர் கேட்ட தகுதி இவ்வளவுதான்: உரக்க வாசிக்கத் தெரிய வேண்டும், கரும்பலகையில் புரியும்படி எழுதத் தெரிய வேண்டும், ஊர்க்காரர்களின் மதிப்பைப் பெற்றிருக்க வேண்டும். பட்டம் கேட்கவில்லை. வந்தவர்கள் ஊருக்குத் திரும்பிச் சமையலறையிலும் தேவாலயத்திலும் அழகு நிலையத்திலும் மரத்தடியிலும் வகுப்பு நடத்தினார்கள். வாக்குப் பதிவோடு வங்கிப் படிவம், சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம், உள்ளூர் அலுவலகங்களில் யாரிடம் எதைக் கேட்பது என்பதும் பாடமாயின.

அப்படி வந்தவர்களில் ஒருவர் ஃபேனி லூ ஹேமர். மிசிசிப்பி மாநிலத்து ரூல்வில்லைச் சேர்ந்தவர். 20 பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை; சிறுவயது முதலே பருத்தி வயலில் வேலை. 1962 ஆகஸ்ட் 31 அன்று வாக்காளராகப் பதியப் போனார். அன்றைக்கே பண்ணை முதலாளி அவரை வெளியேற்றினார். அவர் பின்வாங்கவில்லை, குடியுரிமைப் பள்ளிப் பயிற்சிக்கு வந்தார். 1963 ஜூன் 9 அன்று சார்ல்ஸ்டனில் நடந்த பயிற்சியிலிருந்து தோழர்களோடு பேருந்தில் திரும்பும்போது, மிசிசிப்பியின் வினோனாவில் கைது செய்யப்பட்டார். சிறையில் கொடூரமாக அடித்தார்கள். அந்த அடியின் பாதிப்பு வாழ்நாள் முழுதும் அவர் உடலில் இருந்தது. மறு ஆண்டு, 1964இல், அட்லாண்டிக் நகரில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாட்டில் அவர் அளித்த வாக்குமூலத்தை நாடே தொலைக்காட்சியில் கேட்டது. உள்ளூர்த் தலைமை என்பதைச் சின்ன தலைமை என்று நினைப்பவர்களுக்கு அவருடைய வாழ்வே பதில்.

1965 ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது. தென் மாநிலங்களின் எழுத்தறிவுத் தேர்வுப் பூட்டு உடைந்தது. பூட்டை உடைத்ததில் பெரும் ஊர்வலங்களின் பங்கை வரலாறு நன்றாகப் பதிந்திருக்கிறது. அந்த ஊர்வலங்களுக்கு ஊர் ஊராக ஆள் வந்தது எப்படி என்பதை இந்த இரவுப் பள்ளிகளின் வரலாறு சொல்கிறது.

இயக்கத்துக்குள்ளேயே இருந்த சுவர்

இந்த வரலாற்றின் கசப்பான பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். குடியுரிமைப் பள்ளி ஆசிரியர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆனால் இயக்கத்தின் மேடையில் ஆண்களே நின்றார்கள். செப்டிமா கிளார்க் நிர்வாகக் குழுவில் எதற்கு இருக்கிறார் என்று சக தலைவர் ஒருவர் வெளிப்படையாகக் கேட்டார். எல்லா ஊர்வலத்துக்கும் நீங்களே தலைமை ஏற்காமல், அந்தந்த ஊரில் தலைவர்களை வளர்த்து அவர்களை நடத்தவிடுங்கள் என்று செப்டிமா கிங்குக்குக் கடிதம் எழுதினார். கிங் அதை அலுவலர் கூட்டத்தில் வாசித்தபோது கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். கிங் மீது அவருக்கு இருந்த மதிப்பு இதனால் குறையவில்லை. 1964இல் நோபல் பரிசு பெற ஆஸ்லோவுக்குப் போனபோது உடன் சென்றவர்களில் அவரும் ஒருவர். ஆனால் சிரித்ததை அவர் மறக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. பிற்காலத்தில் பெண்களின் உரிமையைப் பேசும்போது இதையும் சேர்த்தே பேசினார்.

ஒரு தலைவரைச் சுற்றி எழும் இயக்கம் அந்தத் தலைவர் இல்லாத நாளில் என்ன ஆகும் என்பதே அவர் கடிதத்தின் கேள்வி. 1968 ஏப்ரலில் கிங் கொல்லப்பட்டார். 1956 டிசம்பரை அறிந்த நமக்கு அந்தக் கேள்வி புதிதல்ல. அம்பேத்கர் தமக்குப் பின்னால் வரவேண்டியவர்களுக்காகப் பள்ளி தொடங்கிய ஆண்டிலேயே மறைந்தார் என்பதை நாம் இரங்கலாகவே சொல்லிப் பழகியிருக்கிறோம். அதை முடிக்கப்படாத வேலையாகவும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நம் ஊரின் பூட்டு

நம்முடைய நிலை ஜான்ஸ் தீவின் நிலை அல்ல. எழுத்தறிவுத் தேர்வு இல்லாத வாக்குரிமையை நம் அரசியலமைப்புச் சட்டம் வயதுவந்த எல்லோருக்கும் தந்திருக்கிறது. தனித்தொகுதி இருக்கிறது. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி, ஊராட்சித் தலைவர் பதவியிலும் இடஒதுக்கீடு வந்தது. 2016இல் பெண்களுக்குப் பாதி இடங்கள் என்றானது. அப்படியானால் பூட்டு எங்கே?

1996 தேர்தலில் மேலவளவு ஊராட்சித் தலைவரான முருகேசன், 1997 ஜூன் 30 அன்று உடனிருந்தவர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் 2006 வரை பத்தாண்டுகள் தலைவர் தேர்தலையே முறையாக நடத்தவிடவில்லை. இவை கத்தியாலும் மிரட்டலாலும் போட்ட பூட்டுகள். எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தவை. இன்னொரு பூட்டு காகிதத்தில் இருக்கிறது. ஊராட்சியின் காசோலையில் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்திட வேண்டும். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். பல ஊர்களில் அவர் ஆதிக்கச் சாதிக்காரர். அவர் கையெழுத்துப் போடாவிட்டால் குடிநீர்க் குழாய் பழுது பார்க்கவும் பணம் எடுக்க முடியாது. தீர்மானப் புத்தகம் ஊராட்சிச் செயலரின் கையில். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்காமல் கையெழுத்திடும் தலைவருக்கு நாற்காலி இருந்தும் ஆட்சி இல்லை. சில ஊர்களில் அந்த நாற்காலியும் இல்லை. தலைவரைத் தரையில் உட்காரவைத்த கொடுமையைப் படமாகவே நாடு பார்த்தது.

இவர்களுக்காக இன்று தலைமைப் பயிற்சிகள் நிறைய நடக்கின்றன. ஆளுமை வளர்ச்சி, மேடைப் பேச்சு, தொலைநோக்கு என்ற தலைப்புகளில் நகரத்து மண்டபத்தில் இரண்டு நாள், ஒரு கோப்புறை, ஒரு சான்றிதழ், ஒரு குழுப்படம். டென்னசி ஊர்களில் ஹைலேண்டரின் திட்டம் வேர்பிடிக்காமல் போன காரணம் இங்கேயும் பொருந்தும். சேரியில் எரிகின்ற கேள்வி எதுவோ அதிலிருந்து தொடங்காத பயிற்சி சான்றிதழோடு முடிந்துவிடும்.

ஜான்ஸ் தீவின் வழியில் நம் ஊரில் ஒரு பள்ளி தொடங்கினால் அது எப்படி இருக்கும்? முதல் பாடம் தலைவருக்குரியதாக இருக்காது. தலைவரைத் தேர்ந்தெடுத்த தெருவுக்குரியதாக இருக்கும். கிராம சபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 உள்ளிட்ட நாட்களில் கூட வேண்டும். கூட்டத்துக்கு முந்தைய இரண்டு வாரம், வாரத்துக்கு இரண்டு மாலை, நூறு நாள் வேலை முடிந்து வந்த பெண்கள் உட்கார்ந்து ஊராட்சியின் வரவு செலவை வாசிக்கலாம். தீர்மானம் எழுதுவது எப்படி, எழுதிய தீர்மானத்தை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்பது எப்படி, அதன் நகலை வாங்குவது எப்படி, துணைத் தலைவர் கையெழுத்திட மறுத்தால் யாருக்கு மனு அனுப்புவது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேள்வியை எப்படி அமைப்பது: இவை நம் அரிச்சுவடி. தெருவில் நாற்பது பேர் இதைப் படித்திருந்தால் தலைவர் தனியாள் இல்லை. தனியாளாக நின்ற தலைவரைத்தான் மிரட்ட முடிந்தது.

ஆசிரியர் யார்? பெர்னிஸ் ராபின்சனைத் தேர்ந்தெடுத்த அளவுகோலையே நாமும் எடுத்துக்கொள்ளலாம். ஊர்ப் பெரியதனக்காரரிடம் கூலிக்குப் போகாத பிழைப்பு உள்ளவர்; அதே தெருவில் தொடர்ந்து வாழப்போகிறவர்; பிறர் சொல்வதைக் கேட்கும் பழக்கம் உள்ளவர். தையல் இயந்திரம் வைத்திருக்கும் அக்காவாக இருக்கலாம், ஆட்டோ ஓட்டும் தம்பியாக இருக்கலாம், மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கு எழுதுபவராக இருக்கலாம். கல்லூரி மாணவர்களான உங்களுக்கு இதில் வேலை இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. ஹைலேண்டர் செய்த வேலை அது: ஆசிரியரைத் தேடிக் கண்டுபிடிப்பது, சட்டத்தை எளிய தமிழில் எழுதித் தருவது, பென்சில் முறிந்தால் இன்னொன்று தருவது, அதன்பின் கரும்பலகைக்கு முன்னாலிருந்து விலகி நிற்பது.

இடமும் நம்முடையதாக இருக்க வேண்டும். அரசுக் கட்டடத்தை ஒரு சாவியால் பூட்டிவிடலாம் என்பதைத் தீவு மக்கள் அறிந்திருந்தார்கள். நம் தெருக்களில் பாபாசாகேப் பெயரில் மன்றங்கள் இருக்கின்றன, படிப்பகங்கள் இருக்கின்றன. ஏப்ரல் 14க்கும் டிசம்பர் 6க்கும் இடையே பல மன்றங்களின் கதவு சாத்தியே கிடக்கிறது. அந்தக் கதவுகளைத் திறக்க நிதியும் அனுமதியும் தேவையில்லை.

செப்டிமா கிளார்க்குக்கு எழுபதுகளில் ஓய்வூதியம் மீட்டுத் தரப்பட்டது. அவரை வேலையிலிருந்து நீக்கிய அதே சார்ல்ஸ்டனின் பள்ளி வாரியத்துக்கு மக்கள் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தார்கள். 1987இல் 89 வயதில் அவர் மறைந்தார். அவர் பெயர் தெரியாத ஊர்களிலும் அவரிடம் படித்தவர்களிடம் படித்தவர்கள் உள்ளாட்சி மன்றங்களில் அமர்ந்திருந்தார்கள்.

தோழர்களே, அடுத்த கிராம சபைக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கும். உங்கள் ஊராட்சியின் சென்ற கூட்டத் தீர்மானத்தில் உங்கள் தெருவைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தெருவில் எத்தனை பேருக்குத் தெரியும்? இந்தக் கேள்வியை ஊருக்குப் போனதும் பக்கத்து வீட்டில் கேளுங்கள். தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒருவர் சொன்னால், அவரே நம் முதல் மாணவர். அவருக்கு வாசிக்கச் சொல்லித்தர முன்வருபவர் நம் முதல் தலைவர்.

ஜெய்பீம்.